ஓட்டமும் காத்திருப்பும்

துன்பத்தில் வளர்ந்த இளையோர் விளையாட்டினால் உயர்ந்தமை கூறும் சிறுவர் நூல்கள் பல வெற்றியையே விரித்துரைப்பன. வில்மா ருடோல்ஃப் என்னும் அமெரிக்க வீராங்கனையைப் பற்றிக் கத்லீன் குருல் 1996 இல் எழுதிய நூல் அத்தகையதன்று. இளம்பிள்ளைவாதத்தால் கால் முடங்கியவர் 1960 இல் உரோம் ஒலிம்பிக்கில் மூன்று பொற்பதக்கங்கள் பெற்றார். நூலோ, காலிற் பூட்டிய இரும்புத் தாங்கியையும் அவர் நடை பயின்ற நாள்களையுமே நின்று காட்டுகின்றது. குழந்தை மனம் பற்றிக்கொள்வதும் அதனையே.

சபரகமுவத் தோட்டத்துச் சிறார்க்கு இத்தகைய கதை தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கேகாலை மாவட்டத்து வரக்காப்பொலையை அடுத்த சிற்றூரில், வறிய சிங்களக் குடும்பத்தில் 1975 இற் பிறந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 2000 ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமிடம் எய்தினார். 1948 இல் டங்கன் வைற் வென்றதன் பின் இலங்கைக்குக் கிட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பயன்படுத்தியமையை 2007 இல் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் 2009 இலேதான் வெள்ளியாயிற்று.

அவர் கதையைத் தமிழில் எழுதப் புகுவோர் இவ்வொன்பதாண்டுக் காத்திருப்பை விட்டுவிடலாகாது. சிறுவர்க்கு அது விளங்காது என்பாரும் உளர். இரத்தினபுரி லயத்துப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்: 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்ட தோட்ட மக்களுள் எஞ்சியோர், அதனைப் பெற 2003 வரை காத்திருந்தனர்.