ஆரப்பாளையத்து மாடியில் 190 லிட்டர் கடல்... தெரியுமா?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனிக்கு ஏறலாம், கம்பத்துக்கு ஏறலாம், திண்டுக்கல்லுக்கும் ஏறலாம். கடலுக்கு மட்டும் ஏற முடியாது! ராமேஸ்வரம் பஸ் வேண்டுமென்றால் ஊரின் மறுகோடியில் மாட்டுத்தாவணி. அங்கிருந்தும் சுமார் 170 கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கிற வைகையோடு போய்விடலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. 258 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு, பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. நல்ல வெள்ளம் வந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையைத் தொடும். (அந்த முகத்துவாரத்தில்தான் அழகன்குளம் என்ற பழைய துறைமுகம் இருந்தது, தோண்டியபோது ரோமானிய நாணயங்களே கிடைத்தன, தெரியுமா?)

வைகைக்கே அடிக்கடி எட்டாத அந்தக் கடலை, மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் அதே வைகைக் கரை வீட்டு மாடியில் உருவாக்கிவிடலாம் என்றால் நம்புவீர்களா?

முதலில் கனத்தைப் பாருங்கள். விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர். தண்ணீர் மட்டுமே 190 கிலோவுக்கு மேல். கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் நாலு ஆள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நகராமல் நிற்கிற பாரம்! கட்டை அடுக்கிய பழைய மாடி வீடாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள். கான்கிரீட் தளமானாலும் அறையின் நடுவில் வேண்டாம், சுவரோரம்தான்.

அடுத்து உப்பு. "எங்க வீட்டு போர் தண்ணியே கடல் தண்ணி மாதிரிதாங்க" என்று மதுரையில் பாதிப் பேர் சொல்வார்கள். இல்லவே இல்லை! வேறு வழியில்லாவிட்டால் குடிக்கலாம் என்று இந்திய தர நிர்ணயம் விட்டுக்கொடுக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 2 கிராம் கரைபொருள்தான். கடலில் 35 கிராம்! உங்கள் தொட்டிக்கு மட்டும் ஆறரை கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும்.

அப்படியானால் தூத்துக்குடி கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக் கொட்டிவிடலாமே? அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே? இங்கேதான் பலரும் மீனைக் கொல்கிறார்கள். உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற, சோடியமும் குளோரினும் சேர்ந்த நம் சாப்பாட்டு உப்பு முதலில் படிகமாகிக் கீழே இறங்குகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் மேலே நிற்கிற கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. அதை வடித்து வெளியேற்றிவிட்டுத்தான் உப்பை வாருகிறார்கள். கால்சியத்தில் பெரும்பங்கு அதற்கும் முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிட்டது. நமக்கு ருசியான உப்பு கிடைத்தது. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்க வேண்டிய சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் எங்கே? கால்சியம் இல்லாமல் பவளம் எதை வைத்துக் கூடு கட்டும்? அதனால்தான் எல்லாம் சரிவிகிதத்தில் கலந்த மீன்தொட்டி உப்பு என்று தனியாக, அழ அழ விலை வைத்து விற்கிறார்கள்.

அந்தச் சரிவிகிதம் யாருக்குத் தெரிந்தது? 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல், பல கடல்களிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் சோதித்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பு கூடலாம், குறையலாம். ஆனால் முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் எந்தப் பெருங்கடலிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! மன்னார் வளைகுடாவிலும் அட்லாண்டிக்கிலும் அதே சமையல் குறிப்பு. அந்த ஒரு உண்மை இல்லாவிட்டால் பொட்டலத்தில் கடலை அடைத்து விற்கவே முடியாது.

உப்பைக் கரைக்கிற தண்ணீர் மட்டும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் தொட்டி முழுக்கப் பாசி. செம்பு கொஞ்சம் கலந்திருந்தாலே இறாலும் பவளமும் காலி.

தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெரியுமா? ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு போவதே இல்லை. 190 லிட்டரில் 10 லிட்டர் காற்றில் போனால் 35 கிராமாக இருந்த உப்பு 37-ஐ நெருங்கிவிடும். அதனால் தினமும் சேர்ப்பது நல்ல தண்ணீர். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர்.

சரி, தொட்டி தயார், தண்ணீர் தயார், மீன் வாங்கலாமா? வாங்கவே கூடாது! முதலில் மீன் மார்க்கெட்டில் ஒரே ஒரு இறால் வாங்கி வந்து தொட்டிக்குள் போட்டு அழுக விடுங்கள். ஆமாம், அழுகத்தான்! அதிலிருந்து அம்மோனியா வரும். அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்க ஒருவகை பாக்டீரியா வந்து சேரும். அந்த நைட்ரைட்டும் விஷமே. அதைத் தின்று நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம் வரும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்துக் காட்டிய இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள்தான் தொட்டியின் உண்மையான குடியிருப்போர். மீன் பிறகு வருகிற வாடகைக்காரர். நன்னீர்த் தொட்டிக்காரர் இதில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் கடல்நீர் pH 8.2 அளவுக்குக் காரத்தன்மை உள்ளது. நடுநிலையான தண்ணீரில் இருப்பதைவிட அம்மோனியாவின் நச்சு வடிவம் இதில் பத்து மடங்குக்குப் பக்கமாகக் கூடிவிடும். ஒரு மாதம் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிப்படாது என்பது என் கட்சி.

இப்போது மதுரைக்கே உரிய பிரச்சினை: வெயில்! பவளமும் கடல் மீனும் கேட்பது 24 முதல் 27 டிகிரி. சித்திரையில் வெளியே 40. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் வேண்டும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க வசதி இருந்தால் சரி. இல்லாவிட்டால் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் போதும் என்றால் ஆச்சரியமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, அந்த 190 லிட்டரையும் மூன்று டிகிரி குளிர வைக்கும் அளவுக்கு வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது! மண்பானை குளிர்வதும் இதே கணக்கில்தான். இதில் மதுரைக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. சென்னையின் கோடையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஃபேன் திணறும். நம் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சித் தள்ளும். வெயிலைத் திட்டுகிறவர்கள் அதன் வறட்சிக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். (நல்ல தண்ணீர் சேர்க்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!)

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்துகிற நாளில் முதல் ஆபத்து சூடு அல்ல, பிராணவாயு தீர்வதுதான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் டி.வி.க்கு முன்னால் தொட்டி மோட்டாருக்கு லைன் கொடுங்கள்.

இனி மீனைப் பார்ப்போம். கடல் மீன் தண்ணீர் குடிக்கும், நன்னீர் மீன் அநேகமாகக் குடிப்பதே இல்லை, தெரியுமா? கடல்நீர் மீனின் உடம்பைவிட உப்பானது. அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும்; அதை ஈடுகட்ட மீன் கடலையே குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியாகத் துப்பிவிடுகிறது. நன்னீர் மீனுக்குக் கதை தலைகீழ்: தண்ணீர் தானாக உள்ளே நுழையும், அது ஓயாமல் சிறுநீராகக் கழித்துக்கொண்டே இருக்கும்.

கோமாளி மீனுக்கு வருவோம். 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு இதைக் கேட்காத குழந்தை இல்லை. ஆனால் படம் மறைத்த ரகசியம் ஒன்று உண்டு! கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாக முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும், அவள்தான் அதிகாரம். அவள் செத்துப்போனால் அவள் புருஷன் பெண்ணாகிவிடுவான்! அப்படிப் பார்த்தால் நீமோவின் அம்மா செத்ததும் அப்பா மார்லின் அம்மாவாகியிருக்க வேண்டும். தொட்டியிலும் இதுதான் நடக்கும்: இரண்டு சின்னக் குஞ்சுகளை வாங்கி விட்டால் ஜோடி தானே அமைந்துவிடும். முட்டையைக் காப்பது அப்பா. வாயாலும் துடுப்பாலும் விசிறி, கெட்ட முட்டையைப் பொறுக்கி எறிந்து, ஒரு வாரம் காவல். பொரிப்பது இருட்டிய பிறகுதான்.

இந்தக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் வித்தை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது, தெரியுமா? 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபம் என்ற ஊரில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் தொடர்கிறது. அந்நிலையமும், பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியவை. வாங்கினால் இப்படித் தொட்டியில் பிறந்த மீனை வாங்குங்கள். தென்கிழக்காசியாவில் பாறைமேல் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடித்த மீன்கள் பளபளவென்று கடைக்கு வந்து, சில வாரத்தில் காரணமே தெரியாமல் செத்துப்போகும்.

"ராமேஸ்வரம்தானே போறோம், ரெண்டு பவளக்கல் பொறுக்கிட்டு வந்தா தொட்டிக்கு ஆச்சு." அண்ணே, அது ஜெயில்! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பவளங்கள் இருக்கின்றன. கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001-இல் சேர்ந்தன. செத்து வெளுத்த பவளத்தை எடுப்பதும் குற்றமே. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில்! சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். மிச்சமிருந்ததையும் 2016-இன் சூடான கடல் வெளுக்க வைத்தது. தொட்டிக்குச் செயற்கையாகச் செய்த துளைக்கற்களே போதும். பாக்டீரியாவுக்கு வேண்டியது துளைதான், பிறந்த ஊர் அல்ல.

மீனைத் தவிரத் தொட்டியில் விடக்கூடிய இன்னொருவன், பிஸ்டல் இறால் என்று ஒரு விரல் நீளப் பயல். கொடுக்கைச் சொடுக்கினால் உண்டாகும் குமிழி வெடிக்கையில் உள்ளே வெப்பம் 5,000 டிகிரி. கிட்டத்தட்ட சூரியனின் மேற்பரப்பு! 2001-இல் அந்தக் கணத்தில் ஒளிப்பொறியும் தெறிப்பதைப் பதிவு செய்தார்கள். தொட்டி உடைந்துவிட்டதோ என்று நள்ளிரவில் உங்களைப் பதறி எழ வைப்பான், அவ்வளவுதான்.

மோட்டாரே இல்லாத காலத்தில் வீட்டுக்குள் இப்படிக் கடலை முதலில் உருவாக்கியது யார்? 1846-இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். ஏர் பம்ப்புக்குப் பதில் வீட்டுப் பணிப்பெண். திறந்த ஜன்னலோரம் நின்று, தினமும் முக்கால் மணி நேரம் வரை தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும்! புகழ் தைனுக்குப் போனது. கை வலி யாருக்கு என்று எந்தப் புத்தகமும் கேட்கவில்லை. நம் மெரினாவிலும் 1909-இல் ஒரு மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர் அதை மூடிவிட்டது.

கடைசியாக, கடைக்காரர் சொல்லாத ஒன்று: நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் தொட்டியில் 20 வருஷம்கூட வாழும். இன்று எல்.கே.ஜி. சேர்கிற பிள்ளை அடம்பிடித்து வாங்கியது, அந்தப் பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். பத்து சதவீதத் தண்ணீரை அப்போது மாற்றப்போவது யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்!