வகுக்காமலே பகா எண்ணை அறிவது எப்படி?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் நிரை பிடித்து நடப்படுவதை நம்மில் அறியாதார் இலர். 24 கன்றுகளை நான்கு நிரையாகவோ ஆறு நிரையாகவோ மிச்சமின்றி நடலாம். 23 கன்றுகளை அவ்வாறு நட இயலாது. ஒரே நிரையாக நடலாம், அல்லது நிரைக்கு ஒன்றாக நடலாம். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மிச்சமின்றி வகுபடாத இத்தகைய எண்ணையே பகா எண் என்பர்.

சிறிய எண்ணை வகுத்தே பார்த்துவிடலாம். பெரிய எண்ணை என்ன செய்வது? 2147483647 ஒரு பகா எண் என்பதை 1772இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் மெய்ப்பித்தார். இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கையில் 1 அல்லது 63 மிஞ்ச வேண்டும் என்று கண்டார். ஆகவே 372 முறை வகுத்தாலே போதுமென்றாயிற்று. ஆனால் இத்தகைய சலுகை எல்லா எண்ணுக்கும் கிடைப்பதில்லை. பொதுவாக, இரண்டு இலக்கம் கூடினால் வகுக்கும் வேலை பத்து மடங்காகும். நூறு இலக்க எண்ணுக்குக் கணிப்பொறியும் ஈடுகொடாது.

வகுக்காமலே அறிய ஒரு வழியுண்டு. பத்தாம் நூற்றாண்டில் அலாயுதர் விளக்கிய மேரு அடுக்கை நோக்குக. ஒவ்வொரு வரியும் ஒன்றில் தொடங்கி ஒன்றில் முடியும். இடையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் மேல்வரியில் அதற்கு நேர் மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. ஐந்தாம் வரி 1, 5, 10, 10, 5, 1. இடையெண்கள் யாவும் ஐந்தால் வகுபடும். ஆறாம் வரி 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15உம் 20உம் ஆறால் வகுபடா. இடையெண்கள் எல்லாம் வரியின் எண்ணால் வகுபட்டால் அது பகா எண்; ஒன்று தவறினும் அன்று.

எனினும் 2147483647ஆம் வரியில் 214 கோடிக்கு மேற்பட்ட எண்கள் உள. அவற்றை யார் எழுதுவது? 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இதற்கு விடை கண்டனர். நீண்ட வரியைச் சில கட்டுகளாக மடித்து, கட்டுகளின் கூட்டுத்தொகையில் மிஞ்சும் மீதியை மட்டும் பார்த்தாலே போதும். முழு வரியையும் எழுதாமலே அம்மீதியைக் கணக்கிடலாம். எளிய முன்சோதனைகளோடு இதைச் சில முறை செய்தால், பகா எண் அல்லாதது எதுவும் தப்பாது என்று அவர்கள் மெய்ப்பித்தனர். கயாலும் சக்சேனாவும் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தனர்!

அதற்கு முன்னிருந்த விரைவான வழிகளுள் சில, "பெரும்பாலும் பகா எண்" என்றே கூறின. சில, மெய்ப்பிக்கப்படாத ஊகத்தை நம்பி நின்றன. இவ்வழியோ எந்த எண்ணுக்கும் ஐயமற்ற விடை தருவது. இலக்கம் பெருகினும் வேலை கட்டுக்கடங்கியே நிற்கும். நடைமுறையில் இதனினும் விரைவான வழிகள் உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் அவ்வாறு கண்டதே. எனினும் வங்கிச் செய்திகளின் இரகசியத்தைக் காப்பதற்கும் பெரும் பகா எண்கள் பயன்படும் இக்காலத்தில், ஐயமற்ற விடை உண்டு என்பதே பெரும் பேறு.

நம் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் ஒன்பதாம் வரியை எழுதிப் பார்க்கட்டும். இடையெண்களுள் 84 ஒன்றே ஒன்பதைக் காட்டிக்கொடுக்கும்.