சிறு மின்பலகைக்கு எந்தப் பற்றரி?

இடம்பெயர்ந்து, மின்கம்பி வராத காணியில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பெறுமதியானது. மண்ணின் ஈரத்தை அறிந்து, வேண்டியபோது மட்டும் நீர்ப்பம்பியை இயக்க ‘ஆர்டுயினோ யூனோ’ என்னும் சிறு மின்பலகை உதவும். 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்களுக்கென ஆரம்பிக்கப்பட்ட முயற்சியிலிருந்து வளர்ந்தது இது. பலகையை வாங்குமுன், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதை நாம் தீர்மானித்தல் வேண்டும். மூன்றாம் பதிப்புப் பலகையை வைத்து இங்கு விளக்குவோம்.

இப்பலகை இரவு பகலாக ஏறக்குறைய 50 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். சிறிய அளவுதான், ஆனால் ஓய்வே இல்லை. 24 மணித்தியாலத்தில் அது 1.2 அம்பியர் மணியாகிவிடும்.

பலர் முதலில் வாங்குவது 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி அம்பியர் மணி மாத்திரமே. பத்து மணித்தியாலம்கூட நிலைக்காது. காலையில் பொருத்தினால் இரவில் பலகை நின்றுவிடும், நாற்றும் வாடிவிடும்.

12 வோல்ற்று, 7 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியே பொருத்தமானது. ஆயினும் அதன் கொள்ளளவில் பாதியையே செலவிடலாம். அடிக்கடி முற்றாக வடியவிட்டால் பற்றரி விரைவில் பழுதாகும். பாதியென்றால் 3.5 அம்பியர் மணி. வெயில் இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாட்கள்.

இந்தப் பற்றரியைப் பலகையின் வட்டத் துளையில் நேரே இணைக்கலாம். அத்துளைக்கு 7 முதல் 12 வோல்ற்று வரை ஏற்றது. ஆனால் பலகைக்குத் தேவை 5 வோல்ற்றே. மீதி 7 வோல்ற்று வெப்பமாகிப் போகும். பாதிக்கும் மேல் வீண். வாகனங்களில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் மாற்றியைப் பற்றரியுடன் இணைத்து, யூஎஸ்பி துளை வழியாக மின் கொடுத்தால் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. பம்பியைப் பலகையிலிருந்து நேரே இயக்கக் கூடாது. ‘ரிலே’ ஊடாக, பற்றரியிலிருந்து தனி வயரில் மின் கொடுங்கள்.

2. பற்றரியின் நேர் முனைக்கு அருகில் பியூஸ் பொருத்துங்கள். வயர்கள் முட்டினால் தீப்பிடிக்கும்.

3. பம்பியையும் கணக்கில் சேருங்கள். 3 அம்பியர் எடுக்கும் பம்பி அரை மணித்தியாலம் ஓடினால் 1.5 அம்பியர் மணி. அது பலகையின் ஒருநாட் செலவிலும் அதிகம். பிள்ளைகள் படிக்கும் விளக்கும் அதே பற்றரியில் எரிந்தால், அதையும் கூட்டுங்கள்.

கோபுரம் கட்டுபவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டும் என்ற நற்செய்திப் படிப்பினை இதற்கும் பொருந்தும். கடைக்குப் போகுமுன், ஒருநாட் செலவைக் குடும்பமாக உட்கார்ந்து கொப்பியில் எழுதுங்கள். மழைநாட்களுக்காக அதை மூன்றால் பெருக்குங்கள். பின் இரண்டால் பெருக்குங்கள். வருகின்ற தொகையே நீங்கள் வாங்கவேண்டிய பற்றரியின் அளவு.