எதை இழுக்கலாம், எங்கே இழுக்கலாம்? ஆஃப்-ரோடு டிரெய்லர் வாங்கும் முன்

ஆஸ்திரேலியாவின் கேரவன் கண்காட்சிகளில் விற்பனையாளர் முதலில் திறந்து காட்டுவது டிரெய்லரின் சமையலறையைத்தான். ஸ்டீல் மேடை, மூன்று பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் ஒரே இழுப்பில் சறுக்கி வெளியே வரும். அடுத்துக் கூடாரம் விரியும், பிள்ளைகள் மெத்தையில் ஏறிக் குதிப்பார்கள், பெற்றோர் மாதத் தவணை எவ்வளவு என்று கேட்பார்கள். இழுசட்டத்தில் அறைந்திருக்கும் உள்ளங்கை அகலத் தகட்டைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அந்த டிரெய்லர் உங்கள் காருக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கு விடை அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

சிட்னி, மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்களிலும் பிராடோ, ரேஞ்சர், டி-மேக்ஸ் வைத்திருப்பவர்கள் உண்டு. பள்ளி விடுமுறைகளில் பக்கத்துக் கடற்கரை முகாம்களுக்குப் போய்ப் பழகியபின் கிம்பர்லி, கேப் யார்க், ஃபிளிண்டர்ஸ் மலை என்று ஆசை நீளும். இரவுக்கிரவு தரையில் முளையடித்துக் கூடாரம் கட்டுவதும் காலையில் பிரிப்பதும் அலுத்துப்போகும்போது பேச்சு டிரெய்லருக்கு வருகிறது.

இந்த வண்டிகளின் மூதாதை பட்டாளத்தில் பிறந்தது. முதல் ஜீப் மாதிரியை 1940இல் செய்து கொடுத்த அமெரிக்கன் பேன்டம் நிறுவனத்துக்கு ஜீப்பின் பெரிய ஆர்டர் கிடைக்கவில்லை. அது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. பேன்டமுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, ஜீப்பின் பின்னால் இழுக்கும் கால் டன் டிரெய்லர். ஆற்றில் மிதக்கும்படி அதன் தொட்டியைச் செய்தார்கள். சக்கரமும் டயரும் ஜீப்புக்கு உரியவையே. எது பஞ்சரானாலும் ஒரே ஸ்டெப்னி போதும். எண்பது ஆண்டு கழித்தும் இந்த யோசனையை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. உங்கள் காரின் சக்கரத்தில் எத்தனை போல்ட், என்ன அளவு டயர் என்று பார்த்து, அதே சக்கரம் பொருந்தும் டிரெய்லரையே தேடுங்கள். இரண்டின் சக்கர இடைவெளியும் ஒன்றாக இருந்தால், மணலில் கார் போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். இல்லையென்றால் அது தனக்கென்று புதுத் தடம் உழுதுகொண்டு வரும், என்ஜின் திணறும்.

எந்த டிரெய்லரை ‘ஆஃப்-ரோடு’ என்று சொல்லலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் சட்ட வரையறை கிடையாது. யாரும் அந்த ஸ்டிக்கரை ஒட்டி விற்கலாம். பொருள் என்ன என்பது வாரண்டிக் காகிதத்தின் பொடி எழுத்துகளில்தான் தெரியும். பராமரிப்பில் உள்ள சரளைச் சாலை வரைதான் வாரண்டி என்று சிலர் எழுதியிருப்பார்கள். ஆற்றைக் கடந்தால் செல்லாது என்று சிலர். வாரண்டி என்ன சொன்னாலும், சொன்ன வேலைக்கு ஒரு பொருள் உதவ வேண்டும் என்ற உரிமையை நாட்டின் நுகர்வோர் சட்டம் தருகிறது. ஆனால் கிம்பர்லியின் கிப் ரிவர் ரோட்டில், டெர்பிக்கும் கனநரா பக்கத்துக்கும் நடுவே அச்சு ஒடிந்து நிற்கும்போது சட்டம் வந்து தள்ளிவிடாது. ஆகவே போகப்போகும் சாலையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: “கிப் ரிவர் ரோட்டுக்கு இதைக் கொண்டுபோனால் வாரண்டி உண்டா?”

இனி எடை. பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது, ஏனென்றால் ஏமாற்றம் நடப்பதும் இங்கேதான். தகட்டில் டேர் என்பது காலி டிரெய்லரின் எடை. ஏ.டி.எம். என்பது நீரும் சாமானும் ஏற்றியபின் அது எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். டேர் 1500 கிலோ, ஏ.டி.எம். 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 500 கிலோ ஏராளம் என்று தோன்றும். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு வைத்தால், உருளையின் எடையும் சேர்த்து 35 கிலோவுக்கு மேல். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபின் பொருத்திய வெய்யில் பந்தல், சோலார் பலகை, கூடுதல் பேட்டரி பல நேரம் டேர் கணக்கில் வராது. குளிர்பெட்டி, அதற்குள் உணவு, நாற்காலி மேசை, படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் சைக்கிள், அரிசி மூட்டை, இரும்புத் தோசைக்கல் என்று ஒவ்வொன்றாக ஏறும்போது 500 எங்கே போயிற்று என்று தேட வேண்டிவரும்.

காரின் கணக்கு இன்னும் நுட்பமானது. ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ், லேண்ட் குரூசர் 300 ஆகியவற்றின் விளம்பரங்களில் 3500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. காருக்கு ஜி.வி.எம். என்று ஒரு வரம்பு உண்டு: ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து கார் எட்டக்கூடிய எடை. காரும் டிரெய்லரும் சேர்ந்து எட்டக்கூடிய எடைக்கு ஜி.சி.எம். என்ற தனி வரம்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் வெறும் எடை 2200, ஜி.வி.எம். 3100, ஜி.சி.எம். 6000 கிலோ. பின்னால் 3500 கிலோ மாட்டினால் காருக்கு மிஞ்சுவது 2500. அதாவது காருக்குள் 300 கிலோதான் ஏற்றலாம். நான்கு பேர் உட்கார்ந்து, முன்னால் ஸ்டீல் புல்பார் பூட்டினாலே தீர்ந்தது. பின்பெட்டியில் ஒரு தண்ணீர்க் கேன் வைத்தாலும் சட்டமீறல்.

அதே காரில் 1800 கிலோ டிரெய்லரை மாட்டுங்கள். ஜி.சி.எம். கவலை போய்விடும், இப்போது ஜி.வி.எம். மட்டுமே வரம்பு. கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடை ஏறக்குறைய 180 கிலோ. அது கார் சுமக்கும் பாரம், ஜி.வி.எம்.மில் சேரும். அதைக் கழித்தபின்னும் காருக்குள் 720 கிலோ ஏற்றலாம். என் கட்சி இந்தச் சின்ன டிரெய்லரின் கட்சி. விளம்பரம் சொல்லும் இழுதிறனில் பாதியைச் சுற்றி வாங்குபவர் நிம்மதியாகப் போய் வருவார். சுசுகி ஜிம்னிக்காரர்களுக்கு இந்தச் சோதனையே இல்லை. அங்கே பிரேக் உள்ள டிரெய்லருக்கு வரம்பு 1300 கிலோ, கொழுத்தது எதையும் மாட்ட முடியாது.

கொக்கியில் விழும் இந்த எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும் என்பது ஆஸ்திரேலியாவில் நடைமுறைக் கணக்கு. வெகுவாகக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டும். அதிகமானால் காரின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். ஜெர்ரி கேன், கேஸ், விறகு எல்லாவற்றையும் முன்னால் இழுசட்டத்தில் கட்டுவதும், சைக்கிள்களையும் இரட்டை ஸ்டெப்னியையும் பின்கோடியில் தொங்கவிடுவதும் இந்தச் சமநிலையைக் கெடுக்கிற பழக்கங்கள். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தாழ்வாக.

பிரேக் விதி சுருக்கமானது. இணைத்த நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோ வரை என்றால் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 வரை ஓர் அச்சிலாவது வேண்டும். 2000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகவே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது நிறுத்திவைக்கும் அமைப்பும் வேண்டும். மின்பிரேக் உள்ள டிரெய்லருக்குக் காருக்குள் கட்டுப்பாட்டுக் குமிழ் பொருத்த வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இணைப்பைப் பொறுத்தவரை, தார்ச்சாலைக்கு 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கி போதும். காட்டுப் பாதையில் கார் ஒரு பக்கம் சாய, டிரெய்லர் எதிர்ப்பக்கம் சாயும். அந்த முறுக்கலுக்கு உருண்டை இடம் கொடுக்காது. குரூஸ்மாஸ்டர் டி.ஓ.35, மெக்ஹிட்ச் வகையறா இணைப்புகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மடங்கும், அச்சுவாக்கில் முழுச் சுற்றுச் சுழலவும் செய்யும்.

கரடுமுரடான பாறையைவிட டிரெய்லரை அதிகம் கொல்வது, தகரக்கூரைபோல் வரிவரியாக அலையடித்த மண்சாலை. ஆஸ்திரேலியாவில் இதற்கு காருகேஷன் என்று பெயர். கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர். தார் போட்ட துண்டுகள் நடுவில் வந்தாலும் பெரும்பகுதி இப்படித்தான். மணிக்கணக்காக அதிரும்போது ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் கொதித்து அது வேலை செய்யாமல் போகும், நட்டுகள் கழலும், இழுசட்டத்தின் வெல்டிங் விரியும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள டிரெய்லர் மென்மையாக ஓடும், உள்ளே முட்டை உடையாது. ஆனால் அதில் பாகங்கள் அதிகம், பழுதானால் அந்தக் கம்பெனி பாகம்தான் வர வேண்டும். லாரிகளில் காணும் பட்டை ஸ்பிரிங் முரட்டு ஆசாமி. சாமானைக் குலுக்கும். ஆனால் ஒடிந்தால் வழியிலுள்ள சிறு ஊரிலேயே வெல்டிங் பட்டறைக்காரர் ஏதாவது செய்து அனுப்பிவிடுவார். நீண்ட பயணம் போகிறவர்கள் காயில் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு விடுமுறை, அதிலும் பாதி தார்ச்சாலை என்றால் பட்டை ஸ்பிரிங் போதும், மிச்சப்படும் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். எதுவாக இருந்தாலும் மண்சாலையில் இறங்கும்போது காரில் மட்டும் காற்றைக் குறைத்துவிட்டு டிரெய்லரை மறந்துவிடாதீர்கள்.

காரின் பின்டயர் தெறிக்கும் கல் டிரெய்லரின் முன்சுவரில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியையே உடைக்கும். இழுசட்டத்தில் வலைத்தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றைக் கடப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடிச் சூடேறிய பேரிங் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெடும். கரையில் வண்டியை நிறுத்தி ஆறவிட்டு இறங்குவது வேலை மிச்சம். மாற்றுப் பேரிங் ஒரு செட் கையில் இருப்பது நல்லது.

படுக்கை விஷயத்தில் ருசி அவரவருடையது. தரைவரை கேன்வாஸ் விரியும் வகை இலகுவானது, விலை குறைந்தது, இடம் தாராளம். ஆனால் விரித்து முளையடிக்க நேரமாகும். மடித்த தட்டே தரையாக விரியும் வகை சீக்கிரம் தயாராகும். ஹைபிரிட் என்பது கூரை மட்டும் உயரும் குட்டி கேரவன். கதவைத் திறந்தால் படுக்கை தயார், எடையும் விலையும் எகிறும். புதுக் கேன்வாஸை வாங்கியவுடன் வீட்டு முற்றத்தில் விரித்து, தண்ணீர் பீய்ச்சி நனைத்துக் காயவிடுவது வழக்கம். நூல் ஊதித் தையல் துளைகளை அடைக்கும். ஈரத்தோடு மடித்த கேன்வாஸைச் சீக்கிரமே வீட்டில் விரித்துக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். விரிக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்பதும், பக்கவாட்டு கேட்டின் அகலமும், கராஜ் கதவின் உயரமும் வாங்குமுன் டேப் வைத்து அளக்க வேண்டியவை.

பேட்டரியில் லித்தியம் விலை கூடியதுதான். ஆனால் 100 ஆம்பியர் மணி கொண்ட ஒன்று 12 கிலோ அளவில் முடியும். பழைய ஈய வகை 30 கிலோ பக்கம், அதிலும் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம். எடைக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பெட்டியை நிரப்புமுன் இன்னொன்று: மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் தாவரத் தடுப்புச் சாவடி இருக்கிறது. பழம், காய்கறி, தேன் பலவற்றை அங்கேயே விட்டுவிடச் சொல்வார்கள். கிம்பர்லிக்குக் கிழக்கிலிருந்து போகிறவர்கள் எல்லை தாண்டியதும் கனநராவில் காய்கறி வாங்கிக்கொள்ளலாம்.

பழைய டிரெய்லர் நல்ல பேரம். ஒரு பயணத்தோடு ஆர்வம் வடிந்தவர்கள் விற்பது ஏராளம். கீழே படுத்துப் பாருங்கள்: இழுசட்டம் சேஸிஸோடு சேரும் இடத்தில் விரிசலோ, புதுப் பெயின்ட் பூசி மறைத்த வெல்டிங்கோ தெரிந்தால் விலகுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் பேரிங்கின் தளர்ச்சி கைக்குத் தெரியும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1819 என்றால் 2019இன் 18ஆம் வாரம். பட்டன் தேயாமலே கிழடான டயர்கள் டிரெய்லர்களில் சகஜம். கடன் பாக்கி உள்ள வண்டியா என்று பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் வி.ஐ.என். எண்ணைப் போட்டுப் பார்க்கச் சில டாலர் போதும். 2021 ஜூலைக்குப் பிறகு புதிதாகச் சந்தைக்கு வந்த டிரெய்லர் என்றால், ஒப்புதல் பெற்ற வண்டிகளுக்கான அரசின் ஆர்.ஏ.வி. பதிவேட்டில் பொதுவாக அது இருக்க வேண்டும்.

வாங்குமுன் அதே வகை ஒன்றை ஒரு நீள் வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பொது எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். பிறகு விற்பனையாளரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எல்லாப் பொருத்தங்களும் சேர்ந்த டேர் எடை, பாரம் ஏற்றியபின் கொக்கியில் விழும் எடை, வாரண்டி அனுமதிக்கும் சாலை. எழுதித் தரத் தயங்குகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.