நீலகிரியில் பொதுப்பள்ளிகள்: வரி, மொழி, மலைக் குடியிருப்பு (1846–1951)

சென்னை மாகாணத்தில் அரசு, கல்வி குறித்து முதன்முதலாக விரிவான கணக்கெடுக்க முனைந்த ஆண்டு 1822. ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி ஆட்சியர்கள் தத்தம் மாவட்டப் பள்ளிகளை எண்ணி அனுப்பினர். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருப்பதாக முடிவு வந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஊரார் ஆதரவில் நடந்த திண்ணைப் பள்ளிகள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் தம் கல்வீட்டைக் கட்டத் தொடங்கியிருந்தார். மன்றோவின் கணக்கில் நீலகிரி மலைமேல் வாழ்ந்தோர்க்கு இடமில்லை. இவ்வின்மை தற்செயலானதாகத் தோன்றினும், பின்வந்த நூறாண்டுக் கல்வி நிருவாகத்தின் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே தொடக்கம் எனலாம். சமவெளியில் அரசு செய்ய வேண்டியிருந்தது ஏற்கெனவே இருந்த திண்ணைப் பள்ளிக்கு மானியமளித்து அதைப் பதிவேட்டுக்குள் கொணர்வது. படகர் ஹட்டிகளிலோ கோத்தர், தொதவர் குடியிருப்புகளிலோ அத்தகைய எழுத்துப்பள்ளி மரபு வேரூன்றியிருக்கவில்லை. ஆகவே ஆசிரியர், கட்டடம், பாடநூல், பயிற்றுமொழி அனைத்தையும் புதிதாகவே தேட வேண்டியிருந்தது.

மாவட்ட எல்லையும் நிலையாக நிற்கவில்லை. 1830இல் மலையின் பெரும்பகுதி மலபாரோடு இணைக்கப்பட்டு, 1843இல் மீண்டும் கோயம்புத்தூருக்குத் திரும்பியது. 1868இல் தனி மாவட்டமாகி, ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் முதல் கமிஷனராக அமர்ந்தார். ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு 1873இலும் தென்கிழக்கு வயநாடு 1877இலும் சேர்க்கப்பட்டன. 1871இல் ஏறத்தாழ 50,000ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 1,11,000ஐக் கடந்தது. இவ்வளர்ச்சியின் ஒரு பகுதி எல்லை விரிவால் நேர்ந்தது என்பதை மறவாமல் கணக்கிடுதல் வேண்டும். நீலகிரி குறித்த எழுத்துகளில் இவ்வெச்சரிக்கை எப்போதும் பேணப்படுவதில்லை. எஞ்சிய வளர்ச்சி காப்பி, சின்கோனா, தேயிலைத் தோட்டங்களாலும் கோடைவாழிட நகரங்களாலும் வந்தது.

கேத்தியில் தொடங்கிய பள்ளி மொழி

படகர்களுக்கான பள்ளி முயற்சி, அரசு வருமுன்னரே 1846 அளவில் கேத்தியில் தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. ஜே. காசமேஜர் அங்குக் குடியேறிப் படகச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்த முனைந்தார். பாசல் மிஷனையும் அழைத்தார். 1849இல் இறக்கும்போது தம் செல்வத்தின் பெரும்பகுதியை அதற்கே விட்டுச் சென்றார். ஹட்டி ஹட்டியாக நடந்து பழகிய மெட்ஸ் முதலான மிஷன் ஊழியர்கள் மங்களூர்ப் பகுதியிலிருந்து கன்னடப் பயிற்சியோடு வந்தவர்கள். படகமொழி கன்னடத்துக்கு நெருங்கியது. அதற்கெனத் தனி எழுத்தும் இல்லை. எனவே பள்ளியில் கன்னட எழுத்தும் கன்னட நூலும் புகுந்தன. 1852இல் லூக்கா நற்செய்தியின் படக மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் கன்னட எழுத்திலேயே.

இத்தேர்வு மொழியியல் நோக்கில் இயல்பானது. நிருவாக நோக்கில் அவ்வாறன்று. மாவட்டத்தின் அலுவலகமும் அங்காடியும் கோயம்புத்தூரை நோக்கியிருந்தன. பட்டா, மனு, ரசீது, வழக்கு ஆகியவற்றில் படகக் குடியானவர் எதிர்கொண்ட மொழி தமிழ், அதற்குமேல் ஆங்கிலம். கன்னடத்தில் எழுதப் படிக்கக் கற்ற சிறுவன் குன்னூர்ச் சந்தைக்கு வந்தபோது அக்கல்வியின் பயன் குறுகியதை உணர்ந்திருப்பான். காலப்போக்கில் மலைப்பள்ளிகளின் பயிற்றுமொழி தமிழாக மாறியமைக்கு ஓர் ஆணையை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. ஆசிரியர் கிடைக்கும் திசை, பாடநூல் வரும் திசை, வேலை கிடைக்கும் திசை ஆகிய மூன்றும் தெற்கையும் கிழக்கையும் நோக்கியிருந்தன என்பதே வலுவான காரணம். எவ்வகையிலும் படகக் குழந்தைக்கு வீட்டுமொழி பள்ளிமொழியாகவில்லை. ஓர் அண்டைமொழிக்கு மாற்றாக மற்றோர் அண்டைமொழி வந்தது. தமிழ்க்கல்வி வரலாறு எழுதுவோர் நீலகிரியைத் தமிழ் பரவிய களமாக மட்டும் காணுதல் இவ்விடத்தில் போதாது.

வரி யாருடையது, பள்ளி யாருடையது

1854ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பின் சென்னையில் உதவிமானிய முறை வந்தது. 1860களில் தேர்வில் தேறிய மாணவர் எண்ணிக்கைக்கேற்ப மானியம் வழங்கும் முறையும் சேர்ந்தது. ஊர் நெருக்கமும் வருகை ஒழுங்கும் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். சிறு சிறு ஹட்டிகள் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்க, விதைப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளைகள் வயலுக்குச் செல்ல, மழைக்காலத்தில் வழி அடைபடும் மலையில், தேர்ச்சியை அளவுகோலாக்கிய மானியம் வசதியுள்ள பள்ளியை வளர்த்து வசதியற்றதை மேலும் மெலியச் செய்யும் இயல்புடையது.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் நிலத்தீர்வையின்மீது தனிவரி விதித்து, சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவற்றுக்குப் பொது நிதியை உருவாக்கியது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டு அப்பொறுப்பை ஏற்றது. உதகையும் குன்னூரும் 1866 முதலே நகராட்சிகள். அவற்றின் வரவு தனி. ஆகவே ஜில்லா போர்டின் வருவாய் பெரும்பாலும் நிலத்தைச் சார்ந்தது. செலவிலோ கணவாய்ச் சாலைகள் முன்னின்றன. ஆண்டுதோறும் மழையில் சரியும் பாதையைச் செப்பனிட்ட பின்னரே பள்ளிக்கு எஞ்சியது கிடைக்கும். மாவட்டத்தின் வளர்ச்சி தோட்டங்களாலும் நகரங்களாலும் வந்ததாயினும், அவ்வளர்ச்சி ஊர்ப்பள்ளியின் வருவாயாக அதே அளவில் மாறவில்லை. சாலை தோட்டத்துக்கும் ஊருக்கும் பொது. பள்ளி அவ்வாறு பொதுவாகவில்லை.

கோடைவாழிடத்தின் பள்ளிகள் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவை. படைவீரர் பிள்ளைகளுக்காக 1858இல் உதகையில் தொடங்கிய லாரன்ஸ் விடுதிப்பள்ளி 1869இல் லவ்டேலுக்குப் பெயர்ந்தது. பிரீக்ஸ் நினைவாகப் பொதுமக்கள் நன்கொடையில் ஒரு பள்ளி 1874 அளவில் உதகையில் எழுந்தது. மலையின் கல்விப் புகழ் இத்தகைய நிறுவனங்களாலேயே நிலைத்தது. இன்றும் ‘நீலகிரிப் பள்ளி’ என்றவுடன் நினைவுக்கு வருபவை அவையே. 1880இல் நீலகிரி மாவட்டக் கையேட்டைத் தொகுத்த எச். பி. கிரிக், அதே பத்தாண்டில் மாகாணப் பொதுக்கல்வி இயக்குநராகவும் பணியாற்றினார். மலையை நன்கறிந்த ஒருவர் மாகாணக் கல்விக்குத் தலைமையேற்றும் மலைக்கெனத் தனி நிதிமுறை உருவாகாதது, விதிகள் சமவெளியை நோக்கியே எழுதப்பட்டன என்பதைக் காட்டுகிறது.

இடைவெளியை ஒரு பகுதி மிஷனும் ஒரு பகுதி ஊர்ப்பெரியோரும் நிரப்பினர். மிஷனை நம்பியதன் நொய்மை முதல் உலகப்போரில் வெளிப்பட்டது: 1914க்குப் பின் பாசல் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். மலை ரயில்பாதைப் பணியில் ஒப்பந்தக்காரராக விளங்கிய ராவ் பகதூர் பெள்ளி கவுடர் தம் ஊரான ஹுப்பத்தலையில் பள்ளி அமைய முன்னின்றார். அவர் மகன் ஆரி கவுடர் பட்டம் பெற்றுச் சட்டமன்றம் சென்றார்; 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றக் காரணமானார். உருளைக்கிழங்கு விற்ற குடியானவருக்குக் கணக்கும் ரசீதும் படிக்கத் தெரிந்திருப்பது எத்துணை தேவை என்பதை அச்சங்கத்தின் தோற்றமே உணர்த்தும்.

கோத்தருள் கல்வி பெற்ற முதல் தலைமுறையைச் சேர்ந்த சுள்ளி, ஆசிரியராகவும் இருந்தவர். முர்ரே எமனோ 1944–46இல் வெளியிட்ட கோத்தர் மொழிப் பனுவல்களுக்கு அவரே தகவலாளர். டேவிட் மண்டேல்பாம் அவரைச் சீர்திருத்தராக அறிமுகப்படுத்தினார். அவர் தலைமுடியைக் குறைத்துக்கொண்டது தம் இனத்தாரின் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. மலைப்பள்ளி ஒருவரைத் தம் ஊராரிடமிருந்து எவ்வளவு தொலைவுக்குப் பெயர்த்தது என்பதை அவர் வரலாறு காட்டுகிறது. ஆயினும் திராவிட மொழியியலுக்குக் கோத்தர் மொழி கிடைத்ததும் அப்பெயர்ச்சியின் வழியேதான்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளே கணக்கில் கடைசியாக வந்தவர்கள். மேஸ்திரிகள் வழியே கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து வந்து, ஆண்டின் ஒரு பகுதியில் ஊர் திரும்பிய குடும்பங்கள் எந்த ஊரின் பதிவேட்டிலும் நிலையாக நிற்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே ஜில்லா போர்டு பள்ளி எழுவது உரிமையாளர் இசைவைப் பொறுத்தது. இப்பொறுப்பு சட்டவடிவம் பெற 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25க்கு மேற்பட்ட தோட்டங்களில், உரிமையாளர் கல்வி வசதி அளிக்குமாறு மாநில அரசு விதி செய்யலாம் என அது கூறியது. அவ்வெண்ணிக்கைக்குக் குறைந்த தோட்டத்துக் குழந்தை அருகிலுள்ள ஹட்டியின் பள்ளிக்கே நடக்க வேண்டியிருந்தது. அங்கே தமிழ் பெரும்பாலும் அதன் வீட்டுமொழி; உடனமர்ந்த படகக் குழந்தைக்கு அது பாடமொழி.