கொட்டகையில் தூங்கும் இன்ஜின்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், பாதையை அடைத்துக் கிடக்கும் மரத்தை அறுக்க வேண்டும், தப்பித்த பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த ஆயில் இன்ஜினுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே நாளில் மவுசு வந்துவிட்டது. இழுத்து வந்து வைத்தால் கிளம்ப வேண்டுமே!

ஓடாமல் சும்மா கிடக்கும் இயந்திரம் தேயாது, அதனால் கெடாது என்று நினைக்கிறோம். சின்ன இன்ஜின்கள் விஷயத்தில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். டொராண்டோவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாசலில் பனி அள்ளும் இயந்திரம் வருஷத்தில் எட்டு மாதம் கராஜில் கிடக்கும்; முதல் பனி விழுந்த காலையில் கயிற்றை இழுத்தால் சத்தமே வராது. நம் ஊர் பிரஷ் கட்டர், பவர் வீடர், மருந்தடிக்கிற மிஷின், மரம் அறுக்கும் மிஷின் எல்லாம் இதே ரகம்தான். சில நாள் வெறித்தனமான வேலை, பிறகு நெடுந்தூக்கம். கெடுதல் நடப்பது அந்தத் தூக்கத்தில்.

இதற்கு விதிவிலக்கு மாதிரித் தெரிவது அந்தக் காலத்து ஆயில் இன்ஜின். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்றொரு சிறு நகரம்.   அதே ஊரில் 1867-ல் தொடங்கிய லிஸ்டர் கம்பெனி, 1929-ல் மெதுவாகச் சுழலும் ஒரு டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. பெரிய ஃப்ளைவீல், ஒற்றை சிலிண்டர், 300 கிலோவுக்கு மேல் எடை. அதன் நகல்களை ராஜ்கோட் பட்டறைகள் இந்தியா முழுக்க அனுப்பின. தமிழ்நாட்டில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று ஆன பிறகு, மின் இணைப்புக் கிடைத்த கிணறுகளில் ஆயில் இன்ஜினுக்கு மெல்ல மெல்ல வேலை போயிற்று.

லிஸ்டர் நிமிஷத்துக்கு 650 சுற்று சுழலும். இன்றைய பிரஷ் கட்டர் 6,500 சுற்றைச் சாதாரணமாகத் தொடும். பத்து மடங்கு, அதனால் பத்து மடங்கு தேய்மானம் என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு அவ்வளவு சுலபமில்லை. லிஸ்டரில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 14 சென்டிமீட்டர் பயணிக்கிறது. பிரஷ் கட்டரில் சுமார் 3 சென்டிமீட்டர்தான். வேகத்தைக் கணக்கிட்டால் முன்னதில் நொடிக்கு 3 மீட்டர், பின்னதில் ஆறரை மீட்டர். இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. பழையது உழைப்பதற்கு அசல் காரணம் வேறு. கனமான வார்ப்பிரும்பு, தனியாக எண்ணெய் தேங்கி நிற்கும் அடிப்பெட்டி, கார்பரேட்டரும் பிளக்கும் இல்லாத அமைப்பு, இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே பிரித்து மாட்டக்கூடிய எளிமை.

அதற்காக ‘பழசு என்றால் பழசுதான்’ என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுதல் இல்லை. இன்று கண்ணில் படுவது பிழைத்த இன்ஜின்கள் மட்டும். உடைந்தவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. பிழைத்ததும் புகை கக்கும், நகர்த்த நாலு ஆள் வேண்டும், முதுகில் மாட்டி முந்திரித் தோப்புக்குள் நடக்க முடியாது. களை எடுக்க பிரஷ் கட்டர்தான் சரி. அதைப் பாதுகாக்கும் விதம் தெரிய வேண்டும்.

முதல் எதிரி டேங்கில் மிச்சம் விட்ட பெட்ரோல். பெட்ரோல் பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகிப் போகும்; தீப்பற்ற வைப்பது அவைதான், ஆகவே பழைய பெட்ரோலில் இன்ஜின் சண்டித்தனம் பண்ணும். மிஞ்சியவற்றில் சில, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, முந்திரி மரத்தில் கசிந்து காயும் பிசின் போலத் திரண்டு கார்பரேட்டரில் படியும். அதில் பெட்ரோல் புகுந்து வரும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெக்கானிக் ‘ஜெட்டு அடைச்சிருக்கு’ என்று சொல்வது இதைத்தான்.

இப்போது இதில் எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் அதுவே சாதாரண பெட்ரோல் ஆயிற்று. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸும் எத்தனாலுக்கு மூலப்பொருள்தான். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிப் பழகிய இந்த வட்டாரத்துக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் தேங்கிக் கெடாது. டேங்க் காலியாகிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் கிடக்கும் மிஷினுக்குத்தான் ஆபத்து. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் கடலூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஓரளவு வரை தண்ணீர் கரைந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இது இன்னும் மோசம். அதற்குத் தனியாக எண்ணெய்ப் பெட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. பிரிந்த அடுக்கில் ஆயில் தங்காது, மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எண்ணெயே இல்லாத திரவம் உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு’ என்று வரும் மிஷின்களில் சிலவற்றின் கதை இதுவாக இருக்கலாம். பெட்ரோலுக்கு ஆயில் 50-க்கு 1 என்று மிஷினில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவு கூடாது, அளவுக் குப்பி வேண்டும். கலந்ததை அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஓய்வுக்கு அனுப்பும் முன் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, இன்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்பரேட்டரில் இருந்ததும் தீர்ந்துபோகும். பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி மாட்டிவிட்டால் சிலிண்டர் துருப்பிடிக்காது. டீசலுக்கு யோசனை நேர் எதிர். இரும்பு டேங்கைப் பாதியில் விட்டால் உட்சுவரில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகும். டீசல் டேங்க் நிறைந்தே இருக்கட்டும்.

தூசி இன்னொரு எதிரி. இந்த வட்டாரத்துச் செம்மண்ணுக்கு அடியில் புவியியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று இந்த ஊர்ப் பெயரிலேயே அழைக்கும் பாறை இருக்கிறது. அதன் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மையில் மோஸ் அளவில் 7. சாதாரண எஃகையே கீறும். ஏர் ஃபில்டர் கிழிந்த பிரஷ் கட்டரைத் தோப்பில் ஓட்டினால் அந்த மணல் நேரே பிஸ்டன் ரிங்குக்குப் போகும். நுரை ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் பூசி மாட்ட ஐந்து நிமிஷம் ஆகுமா? மூடாமல் விட்ட சைலன்சர் துளையில் குளவி மண்கூடு கட்டும், எலி ஒயரைக் கடிக்கும். சைலன்சருக்கு ஒரு துணி முடிச்சு போதும். கிளப்பும் முன் அதை எடுக்க மறக்கக் கூடாது.

கடைசியாக வெள்ளம். 2015 நவம்பரில் பண்ருட்டி வட்டத்து விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களுக்குள் காட்டாற்று வெள்ளம் புகுந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை மீறியது. நீரில் மூழ்கிய இன்ஜினைக் கண்டதும் கை ஸ்டார்டருக்குத்தான் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பலமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக்கையோ, டீசல் என்றால் நாசிலையோ கழற்றுங்கள். மெல்லக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, மறுபடியும் மாற்றுங்கள். இதைச் சில நாளுக்குள் செய்யாவிட்டால் துரு முந்திக்கொள்ளும். மின் மோட்டாரானால் காயில் நன்றாகக் காய்ந்ததா என்று எலக்ட்ரீஷியன் மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவி வைத்துப் பார்க்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள்.

பவர் டில்லரும் களை எடுக்கும் கருவியும் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கிடைக்கின்றன. வருஷத்தில் சில நாளுக்கு மட்டும் தேவை என்றால் வாடகைக்கும் எடுக்கலாம், அதுவே பல குடும்பங்களுக்கு லாபம். சொந்தமாகவே வேண்டும் என்றால் மிஷினின் விலையைக் கேட்கும் முன் அதன் கார்பரேட்டர் டயாபிரமும் பிஸ்டன் ரிங்கும் பண்ருட்டியிலோ கடலூரிலோ எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.