தள்ளப்பட்ட முறையீடும் நீதிமன்றமும்

நிறம், பால், சமயம், உடல் ஊனம் முதலிய காரணங்களால் வேலையிடத்தில் தாழ்த்தப்பட்ட ஒருவர் முறையிடுகிறார். முறையான விசாரணையை எட்டுமுன்பே அம்முறையீடு தள்ளப்பட்டுவிட்டால் அவர் கதி யாது? இதற்குக் கனடா நாடு வகுத்துள்ள வழி அறியத்தக்கது.

அந்நாட்டின் 1977ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம், கூட்டரசு அலுவலகங்கள், வங்கிகள், விமான நிறுவனங்கள் போன்றவற்றில் பணிபுரிவோருக்கு உரியது. ஏனையோர்க்கு அந்தந்த மாநிலச் சட்டமே துணை. முறையீடு முதலில் மனித உரிமை ஆணையத்திடம் செல்லும். ஆணையம் தீர்ப்பளிக்கும் மன்றமன்று. அது ஒரு சல்லடை. அதன் அதிகாரி ஆராய்ந்து அறிக்கை தருவார். போதிய ஆதாரம் உண்டெனக் கண்டால் ஆணையம் அதனை நடுவர் மன்றத்துக்கு அனுப்பும், இன்றேல் தள்ளிவிடும். சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வதெல்லாம் நடுவர் மன்றத்தில்தான். ஆகவே, சல்லடையில் நின்றுவிட்டவரின் வாய்மொழியை நேரில் கேட்டு எடைபோட ஒருவருமில்லை.

முடிவு தெரிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அவர் கூட்டரசு நீதிமன்றத்தில் மறு ஆய்வு கோரலாம். காலம் கடந்தால் நீதிபதியின் தனி அனுமதி வேண்டும். ஆனால் 'இவருக்குப் பாகுபாடு இழைக்கப்பட்டதா?' என்று நீதிமன்றம் கேட்பதில்லை. விடைத்தாளை அது புதிதாகத் திருத்தாது. திருத்தியவர் எல்லாப் பக்கங்களையும் நடுநிலையோடு படித்தாரா, இட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் உண்டா என்றே பார்க்கும்.

ஆணையத்தின் விசாரணை நடுநிலையும் முழுமையும் உடையதாயிருத்தல் வேண்டும் என்று 1994இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு குறைகள் போதா. வெளிப்படையாகவே இன்றியமையாத சான்றொன்றை ஆராயாமல் விட்டிருந்தால்தான் முடிவு செல்லாது. நெறியை நாட்டிய அவ்வழக்கிலேயே முறையிட்ட பெண்மணி தோற்றார் என்பது கவனிக்கத்தக்கது! பின்னர் 2019 டிசம்பரில், குடியுரிமை வழக்கொன்றில், அரசு அமைப்புகளின் முடிவுகள் அவற்றுக்குக் காட்டப்பட்ட காரணங்களோடு பொருந்துகின்றனவா என்று நீதிமன்றங்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் விளக்கியது.

வென்றவருக்கும் உடனே நஷ்ட ஈடு கிட்டாது. வழக்கமாக முறையீடு ஆணையத்துக்கே திரும்பும். அது தக்க காரணங்காட்டி மீண்டும் தள்ளவும் கூடும். மேலும், ஆணையத்தின் முன் வைக்காத புதுச் சான்றை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. எனவே, அதிகாரியின் அறிக்கை கைக்கு வந்தவுடனேயே, விசாரிக்கப்படாத சாட்சிகள் இன்னின்னார், பார்க்கப்படாத கடிதங்கள் இவையிவை என்று எழுத்தில் தெரிவித்தவரே பிற்பாடு நீதிபதியிடம் காட்ட ஏதேனும் உடையவராயிருப்பார்.